கூம்பு வைத்த உருளை

போன வாரம் மாமல்லபுரத்தில் பேருந்து ஏறியதும் நடத்துநர் என் பக்கம் குனிந்தார். "சேதி தெரியாதா டீச்சர்? சரஸ்வதி டீச்சரம்மா தவறிட்டாங்க. மதுராந்தகத்துல. மாரடைப்பாம்." வாங்கிய சீட்டைக் கையில் பிடித்தபடியே செங்கல்பட்டு வரை உட்கார்ந்திருந்தேன்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்துத் தொடக்கப்பள்ளியில் இருவரும் வேலை பார்த்தோம். ஒரே கூடம். அவருடைய நான்காம் வகுப்புக்கும் என் மூன்றாம் வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டி.

செவ்வகப்பெட்டி, உருளை, கூம்பு என்று கன உருவங்கள் பாடம் வந்தால் அவர் கரும்பலகைப் பக்கமே போகமாட்டார். "படத்துல எல்லாம் தட்டையாத்தான் இருக்கும். கையில எடுத்துப் பாக்கணும்" என்பார். செங்கல், பால்மாவு டின், கோலி எல்லாம் மேசைக்கு வரும். பிள்ளைகள் கண்ணை மூடித் தடவி முகம், விளிம்பு, முனை என்று எண்ணுவார்கள். பலகையைச் சாய்த்து எது சறுக்குகிறது, எது உருளுகிறது என்று பார்ப்பார்கள். பிறகு, "கரைக்குப் போய் ஆளுக்கு ஒண்ணு கொண்டாங்க" என்று அனுப்பிவிடுவார்.

வங்கக் கடலில் போர் ஓய்ந்த மறு ஆண்டு. பிள்ளைகள் சங்கும் மிதவைக் கட்டையுமாகத் திரும்பினார்கள். கடைசியாக வந்த வள்ளி, துருப்பிடித்த இரும்பு ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள்.

"டீச்சர், இதுல ரெண்டும் கீது. அடியில உருளை, மேல கூம்பு."

போர்க்கப்பல் குண்டுகளின் படத்தைச் செய்தித்தாளில் பார்த்திருந்தேன்; அதே வடிவம், வெடிக்காமல் கரை ஒதுங்கிய குண்டு. வள்ளி அதைத் தரையில் வைக்கக் குனிந்தாள்.

"வைக்காத கண்ணு, உருண்டுடும். அப்படியே புடி." டீச்சர் சிரித்தபடிதான் சொன்னார். என்னிடம் குரல் உயர்த்தாமல், "எல்லாரையும் சவுக்குத் தோப்புக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். வள்ளியிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தார்.

தோப்பில் வள்ளி என் கையைப் பிடித்தாள். "இன்னாத்துக்கு ஓடியாந்தோம்? நான் தப்பா கொண்டாந்துட்டேனா?" அவளை என்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். தூரத்தில் டீச்சர் முழங்காலிட்டு, ஒரு கையால் மணலைப் பறித்து, பள்ளத்தில் அதைக் கிடத்தினார்.

டீச்சர் திரும்பி வந்தார். தண்ணீர்க் குவளையை நான்தான் பிடித்துக் குடிக்கவைத்தேன். "பயம் மூஞ்சில தெரிஞ்சிருந்தா பிள்ளை அதைக் கீழ போட்டிருக்கும்" என்றார்.

சாயங்காலம் ராணுவத்தார் வந்து பள்ளத்திலேயே அதை வெடிக்கவைத்தார்கள். பள்ளிக்கூரையின் ஓடுகள் உதிர்ந்தன. வள்ளியின் தாய் வாசலில் நின்று, "இன்னா படிப்பும்மா இது? எம்பொண்ணு துண்டு துண்டா பூட்டிருக்கும்" என்று கத்தினார்.

"ஆமாம்மா, போயிருக்கும்" என்று மட்டும் சொன்னார் டீச்சர்.

மறுநாளிலிருந்து குப்பத்தில் வீடு வீடாகப் போனார். "இரும்பைப் பாத்தா தொடாத, ஓடிவந்து சொல்லு" என்று ஒவ்வொரு பிள்ளையையும் திருப்பிச் சொல்லவைத்தார். பாடத்தை நிறுத்தவில்லை. ஆனால் அதன்பின் பிள்ளைகளைக் கரைக்குத் தனியே அனுப்பியதே இல்லை.

மதுராந்தகத்துக்கு மாற்றலான பிறகு ஒருமுறை பார்த்தபோது, பயம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"எங்க போவுது? எந்தப் பிள்ளையாவது பைக்குள்ள கை விட்டா எனக்கு நெஞ்சு நின்னுபோவுது."

இப்போதும் கண்ணில் நிற்பது ஒன்றுதான். ஈரமணல் ஓரத்தில் பிள்ளைகள் வரிசையாகக் காத்திருக்கிறார்கள். டீச்சர் மட்டும் முன்னே, குச்சியால் மணலைக் குத்திக் குத்திப் பார்த்துப் போகிறார். பிறகு திரும்பி, வரலாம் என்று கையசைக்கிறார்.

வள்ளியும் மற்றவர்களும் நலமாக இருக்கிறார்கள் டீச்சர். பயமில்லாமல் தூங்குங்கள்.