ஏரிக்குக் கீழே ஒரு நாடு

ஐப்பசி மழையில் எங்கள் ஏரி நிரம்பிக் கிடந்தபோது, பள்ளி விட்டு வந்த என் மகள் கரையிலிருந்து வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டாள். மாடு ஓட்டி வந்த ஒருவர் குதித்துத் தூக்கினார். நான்காம் வகுப்புப் பிள்ளை. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதன்பிறகு அவள் கரைமேல் கால் வைக்கவில்லை. நானும் வைக்கவிடவில்லை. ஸ்கூட்டரில் தார்ச்சாலை வழியாகச் சுற்றிக் கொண்டுபோய் விடுவேன். சாயங்காலம் மணி அடிப்பதற்கு அரைமணி முன்பே போய் வகுப்பு ஜன்னலோரம் நின்றுகொள்வேன்.

அப்படி நின்ற ஒருநாள் டீச்சர் நெதர்லாந்து நடத்திக்கொண்டிருந்தார். மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அந்த நாட்டில் கால்வாசிப்பேர் கடலுக்குக் கீழே குடியிருக்கிறார்கள் என்றார். என் மகள் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து கேட்டாள்: "அவங்களும் இவளாட்டம் தண்ணி குடிச்சுக்கிட்டு கெடப்பாங்களா டீச்சர்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளே ஓடிவிடலாம் போலிருந்தது. டீச்சர் அதட்டவில்லை.

"உங்க வயலு எங்க கண்ணு இருக்குது?"

"ஏரிக்குக் கீழ டீச்சர்."

"அப்ப நீங்க தண்ணிக்குள்ள முங்கித்தான் நெல்லு நடறீங்களா?"

சிரிப்பு அந்தப் பெண் பக்கம் திரும்பியது. அவளும் சிரித்துவிட்டாள். அந்த நாட்டுக்காரர்களுக்குக் கடல்தான் ஏரி, கரை கட்டிவிட்டுக் கீழே குடியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார் டீச்சர். ஒரே சொல்லில் ஒரு நாட்டையே எங்கள் ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார். நான் பட்டப்படிப்பு படித்தவள். எனக்கு அது தோன்றியதே இல்லை.

பிறகு பிள்ளைகளை வெளியே அழைத்துவந்து களிமண்ணில் அந்த நாட்டைக் கட்டவைத்தார். ஓலைக் காத்தாடிகள் காற்றாலைகளாயின. தேங்கும் தண்ணீரை இறைக்க அவர்கள் வைத்திருந்த மோட்டார் அதுதான் என்றார். நடுநடுவே கால்வாய் ஓடும் ஆம்ஸ்டர்டாமுக்குத் தீப்பெட்டி வீடுகள். கரைக்கு அந்தப்பக்கம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதும் என் மகள் பின்வாங்கினாள்.

"அந்த ஊர்ல வெள்ளம் வந்தா, கரை ஒழுகுதான்னு நடந்து நடந்து பாக்கறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. அது உன் வேலை, வா," என்றார் டீச்சர்.

அவள் உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்து குந்தினாள். ஈரம் கசிந்த இடத்தில் ஒரு பிடி மண்ணை வைத்துத் தட்டினாள். அப்புறம் மணி அடிக்கும்வரை எழவே இல்லை.

வெளியே வந்ததும் ஸ்கூட்டரில் ஏறாமல் நின்றாள்.

"நம்ம ஏரிக்கரைய யாரும்மா பாத்துக்கறாங்க?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"நீ வேணும்னா ரோட்டுல சுத்தி வா. நான் பாத்துக்கிட்டே வர்றேன்."

வண்டியைப் பள்ளியிலேயே பூட்டிவிட்டு அவள் பின்னால் போனேன். அவள் கரைமேல் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தாள். கரையில் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. ஏரிக்குக் கீழே, வயல் வரப்பிலேயே, அவளை அண்ணாந்து பார்த்தபடி நடந்தேன்.