தொட்டியில் போட்ட போன்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு பொம்மைப்படத்தின் பேச்சைக் கேட்டு எங்கள் வீட்டுப் போனை மாட்டுத் தொட்டியில் போட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. படம் எடுத்தவர்கள் மீது எனக்குக் கோபமும் இல்லை. அவர்கள் நல்லதைத்தான் சொன்னார்கள். நான்தான் வேண்டிய அளவுக்கு மேலேயே கேட்டுவிட்டேன்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, உள்ளே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் தோட்டத்து வீடு. கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் துளை போடுகிற டிரில்லராக இருந்தார். எங்கள் பக்கத்து ரிக் வண்டிகள் தை பிறந்தால் வடக்கே போய்விடும், மழைக்குத்தான் திரும்பும். அப்பாவின் வண்டி அந்த வருடம் சத்தீஸ்கரில் ஏதோ காட்டோரத்தில் நின்றது. அங்கே சிக்னல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பக்கத்து டவுனுக்கு வந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவார். அம்மா போனை ஒரு சொம்பில் சாய்த்து வைப்பார். கல்தூசி படிந்த முகத்தோடு அப்பா அதற்குள் வருவார். கம்பரசர் சத்தத்திலேயே கிடந்து காது மந்தமாகிவிட்டதால் எதையும் கத்தித்தான் சொல்வார். சாப்பிட்டாயா என்று கேட்பதுகூடச் சண்டை மாதிரி இருக்கும்.

அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். ரிக் வேலையில் சீசனுக்கு ஒரு தடவைதான் லீவு. அந்த லீவைப் பங்குனியில் தரும்படி அப்பா முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். நான் பிறந்தபோது அவர் ஒரிசாவில் இருந்தாராம். மூன்று மாதம் கழித்துத்தான் என்னைப் பார்த்தாராம். இந்தத் தடவை பிள்ளையைக் கையில் வாங்காமல் விடமாட்டேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் கத்துவார். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை. பிறக்காத பிள்ளைக்காக வருகிறவர் பிறந்த பிள்ளைக்காக வரக்கூடாதா என்று இருக்கும்.

அந்த நேரத்தில்தான் மாமா, அம்மாவின் தம்பி, என்னைச் சேலத்துக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனார். அங்கே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் அவருடைய சிநேகிதர் வீட்டில் வண்டியை விட்டுவிட்டு நடந்து போனோம். தமிழ் பேசும் பொம்மைப்படம். ஒரு மலையில் கரடிகள் குடும்பம் குடும்பமாக நன்றாக வாழ்ந்துகொண்டிருக்கின்றன. ஒரு நரி வந்து மாயக் கண்ணாடி விற்கிறது. அதில் என்ன கேட்டாலும் தெரியும். விலை, குடம் குடமாகத் தேன். வீட்டுக்கு ஒன்று வாங்குகின்றன, பிறகு ஆளுக்கொன்று, பிறகு போன வருடத்துக் கண்ணாடி பழசாகிப்போனது என்று இன்னொன்று. தேன் தேடி அப்பா கரடிகள் எல்லாம் தூரத்து மலைக்குப் போய்விடுகின்றன. குட்டிகள் அப்பாவைக் கண்ணாடியில் மட்டும் பார்க்கின்றன. கடைசியில் ஒரு குட்டிக்கரடி கண்ணாடியைத் தூக்கிப் பாறையில் அடிக்கிறது. அடித்த மறுகணம் மலைப்பாதையில் அப்பா கரடி ஓடி வருகிறது. தியேட்டரே கைதட்டியது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்தால் அதே கண்ணாடியைப் பிளாஸ்டிக்கில் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிந்து கரடி பேசும். கண்ணாடியை வாங்காதே என்று இரண்டு மணி நேரம் சொன்ன படத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் நேராகப் போய் ஒரு கண்ணாடி வாங்கினோம். அதிலுள்ள வேடிக்கை மாமாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆனால் படம் அவரையும் விடவில்லை. அவர் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போக மாலை போட்டிருந்தார். "இந்தப் போன் சனியனப் பழனி போயிச் சேர்ற வரைக்கும் தொடமாட்டேன்க்கா" என்று அம்மாவிடம் சொன்னார். சொன்னபடி போனை அணைத்துப் பையின் அடியில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது, போனை எடுத்துக்கொண்டு மாட்டுத் தொட்டிக்குப் போனேன். பாறையில் அடிக்கத்தான் முதலில் நினைத்தேன், சத்தம் கேட்குமே என்று பயம். தண்ணீர் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. பிறகு தோட்டத்து கேட் அருகே போய் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் வரை பார்த்தேன். ஒரு கறிவேப்பிலை வியாபாரிதான் வந்தார்.

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது போனைக் கண்டுபிடித்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் தலையில்தான் அடித்துக்கொண்டார். "இடுப்புல சொருவி வெச்சுக்கிட்டே தண்ணி மொண்டேன் சாமி, நழுவி உழுந்துருச்சாட்ட இருக்குது. எனக்கு புத்தியே இல்ல" என்றார். ஏழு மாத வயிற்றோடு குனிந்து தொட்டிக்குள் கைவிட்டவர், தன்மீதே பழியைப் போட்டுக்கொண்டு அதை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

நம்பரெல்லாம் போனுக்குள்தான் இருந்தது. அப்பாவின் நம்பர் அம்மாவுக்கு மனப்பாடம் கிடையாது. அரிசிக்குள் புதைத்து வைத்துப் பார்த்தார், உயிர் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு ராசிபுரம் போனார். ரிப்பேர் கடைக்காரர் நான்கு நாள் கழித்து வரச் சொன்னார். அடுத்த ஞாயிறு பேசிக்கொள்ளலாம் என்று அம்மா நிம்மதியாகத்தான் இருந்தார். டவுனுக்கு வந்தது வந்தோம் என்று எனக்கு ஒரு ரோஸ்மில்க்கூட வாங்கித் தந்தார்.

அந்தப் பக்கம் நடந்தது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் துண்டு துண்டாகத் தெரிந்தது. ஞாயிறு சாயங்காலம் அப்பா கூப்பிட்டிருக்கிறார். போன் அணைந்திருக்கிறது. மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார், அதுவும் அணைந்திருக்கிறது. அன்றிரவு டவுனிலேயே தங்கி, காலையில் எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரரைப் போனில் பிடித்திருக்கிறார். கடைக்காரர் நல்ல மனிதர், உடனே வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்: "ஊடு பூட்டிக் கிடக்குதுங்க. ஆளையே காணோமுங்க." வயிற்றுப் பிள்ளைக்காரி, எடுக்காத போன், பூட்டிய வீடு. அப்பா முதலாளியிடம் சொல்லிவிட்டு, போட்டிருந்த துணியோடு ரயில் ஏறிவிட்டார். உட்காரக்கூட இடமில்லாத பெட்டி. அவருடைய போனிலும் சார்ஜ் பாதி வழியில் தீர்ந்துவிட்டது.

புதன்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பாதையில் அப்பா ஓடி வந்துகொண்டிருந்தார். படத்தில் பார்த்த மாதிரியே ஓடி வந்தார். மூன்று நாள் தாமதம், அவ்வளவுதான். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நானாகச் செய்து காட்டிய வித்தை அல்லவா அது. அவர் என்னைத் தூக்கவில்லை. இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்தார். "அம்மா எங்க சாமி?" என்று கேட்டார். முதல் முறையாக மெதுவாகப் பேசினார்.

அம்மா உள்ளே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, சொல்லாம கொள்ளாம திடுதிப்புனு வந்து நிக்கறீங்க?" என்று எழ முயன்றார். அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். அம்மா போன் நழுவி விழுந்த கதையைச் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. "நல்லா இருக்கறீங்கல்ல, அது போதும்" என்றார். நீண்ட பிரயாணக் களைப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் இருந்தார். எனக்குச் சோறு ஊட்டினார், தொட்டியைக் கழுவினார், மாட்டுக்கொட்டகைக்குக் கீற்று மாற்றினார். மூன்றாம் நாள் பையை எடுத்தபோது நான் மறித்துக்கொண்டு நின்றேன். இனிமேல் போகமாட்டீர்கள்தானே என்று கேட்டேன். "போவோணும் சாமி. வண்டி நிக்குதல்ல. நல்லாப் படி, நான் வாரேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. படத்தில் அப்பா கரடி வந்ததும் பாட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். மறுநாள் காலை அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று யாரும் காட்டவில்லை.

பிற்பாடு அந்த மாதிரிப் படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கி வாங்கிக் குவிக்காதே, எந்திரத்தை நம்பி மனிதரை விடாதே என்று எல்லாமே அன்பாக எச்சரிக்கின்றன. தேவையான எச்சரிக்கைதான், இன்றைக்கு நானே தினமும் என்னிடம் சொல்லிக்கொள்கிற எச்சரிக்கை. ஆனால் அந்தப் படங்கள் மனதில் வைத்துப் பேசும் குழந்தைகளின் அப்பாக்கள் அடுத்த அறையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். எங்கள் அப்பாவுக்கு எங்களைப் பார்க்க இருந்த ஒரே ஜன்னல் அது. அதை மூடிவிட்டு, அவர் வருகிறாரா என்று கேட் அருகே உட்கார்ந்திருந்தேன்.

ரிப்பேர் கடைக்காரர் எப்படியோ போனைப் பிழைக்க வைத்துவிட்டார். பங்குனியில் ராசிபுரம் ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். அப்பாவின் சகோதரி, என் அத்தை, துணைக்கு வந்திருந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனாலும் டாக்டர் சொன்ன தேதி என்று அப்பா காலையிலிருந்து டவுனில் காத்திருந்தாராம். சீசனின் ஒரே லீவு தை மாதமே தீர்ந்துவிட்டது, அவர் வரமாட்டார் என்று பெரியவர்களுக்குத் தெரியும். என்னிடம் யாரும் சொல்லவில்லை. போனைப் பிடிக்கிற வேலையை அத்தை எனக்குக் கொடுத்தார். பெருமையோடு இரண்டு கையாலும் பிடித்துத் தம்பியின் முகத்துக்கு நேராகக் காட்டினேன். கை, கால், விரல் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அப்பா கத்தவில்லை, ஒன்றுமே சொல்லவில்லை. திரையில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் போனை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, அத்தையிடம் திரும்பி, "படம் நின்னு போச்சுங்க அத்தை" என்றேன்.