மூன்று சட்டை மூர்த்தி

மோட்டார் சைக்கிள் கூடையிலிருந்து ஒரு சட்டையை உருவி, செம்பனை மரத்தின் மறைவில் நின்று தலைவழியாக மாட்டிக்கொள்கிறார் மூர்த்தி. தேர்தல் காலத்தில் காலையில் ஒரு கட்சியின் தேநீர் விருந்து, மாலையில் இன்னொரு கட்சியின் பிரசாரக் கூட்டம், நடுவில் மூன்றாவது கட்சிக்குக் கொடி கட்டும் வேலை. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய சட்டை உண்டு. கழற்றியதைக் கூடையில் திணித்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்.

சிம்பாங் ரெங்கம் என்ற சிற்றூரில் கூடாரம் போடுவது அவர் தொழில். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, தேர்தல் எதுவானாலும் இரும்புக் கம்பிகளோடு முதலில் வருபவரும் கடைசியில் போகிறவரும் அவர்தான். ஐம்பதைத் தாண்டிய ஆள். தொப்பை முன்னால் வரும், சிரிப்பு அதற்கும் முன்னால் வரும். கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பார். சாவு வீட்டில் யாரும் கேட்காமலேயே கண் கலங்குவார்.

ஊரில் அவருக்குப் பட்டப்பெயர்கள் ஏராளம். பச்சோந்தி என்பார்கள், காரியவாதி என்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் அம்பிகைபாகன் மட்டும் சுத்தத் தமிழில், நிறுத்தி நிதானமாக, சந்தர்ப்பவாதி என்பார். கட்சி தாவும் சட்டமன்ற உறுப்பினர்களைத் தவளை என்று கேலி செய்துவிட்டு, அடுத்த விருந்தில் "ஒய்.பி., ஒய்.பி." என்று மாண்புமிகு பட்டம் சொல்லி அவர்களுக்கே மாலை போடுகிற ஊர் இது. கூடாரம் கட்டுகிறவன் சட்டை மாற்றினால் மட்டும் எல்லாருக்கும் கொள்கை ஞாபகம் வந்துவிடுகிறது. எனக்கு இதில் எரிச்சல் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

மூர்த்திக்கு வேண்டியதெல்லாம் ஒரு பாலம். அவர் இருக்கும் கம்பம் என்கிற சிறு குடியிருப்புக்கும் பெரிய சாலைக்கும் நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. அதன்மேல் இருந்த மரப்பாலம் வெள்ளத்தில் போய்விட்டது. மிஞ்சியது இரண்டு பலகை. அவர் மனைவி செல்லத்துக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் குளுவாங் நகரத்துக்குப் போக வேண்டும். வேன் அக்கரையிலேயே நின்றுவிடும். செல்லத்தை முதுகில் சுமந்துகொண்டு மூர்த்தி பலகையில் நடப்பார். ஒரு மழை நாளில் கால் வழுக்கி இருவரும் விழப் பார்த்தார்கள். அன்றிலிருந்து வானம் இருட்டினாலே செல்லம், "நான் வரல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். போகாவிட்டால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். யார் யாரிடமோ கேட்டு அலுத்துப்போன நேரத்தில் தேர்தல் வந்தது.

ஒரு கட்சியிடம் கல்லும் சிமெண்டும் கேட்டார். இன்னொரு கட்சியிடம் கால்வாயைத் தோண்டிச் சீராக்க பெக்கோ இயந்திரம் கேட்டார். மூன்றாவது கட்சியிடம் தண்ணீர் போவதற்குப் பெரிய காங்கிரீட் குழாய்கள். மூன்று வேட்பாளர்களிடமும், "நம்ம ஒய்.பி. ஜெயிக்கணும்லா" என்று உருகினார். கல் வந்தது, பெக்கோ வந்தது. குழாய் மட்டும் வரவில்லை.

குழாய் தர வேண்டிய கட்சியின் கூட்டத்தில்தான் வினை வந்தது. அவசரத்தில் மூர்த்தி, காலையில் போட்ட எதிர்த்தரப்புச் சட்டையோடே வந்து நின்றுவிட்டார். அம்பிகைபாகன் எழுந்தார். இந்த மனிதர் மூன்று பக்கமும் கை நனைப்பவர், அப்பட்டமான சந்தர்ப்பவாதி என்று வேட்பாளர் முன்னிலையில் முழங்கினார். கூட்டத்தில் நின்றிருந்த நான் குழாய் போச்சு என்றே நினைத்தேன்.

மூர்த்தி குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"ஆமா சார், நான் சந்தர்ப்பவாதிதான். உங்களுக்கு சந்தர்ப்பம் தெனமும் வரும். எனக்கு தேர்தலுக்கு தேர்தல்தான் வருது."

பிறகு வேட்பாளர் பக்கம் திரும்பினார்.

"கல்லு ஒரு கட்சி கொட்டியாச்சு, பெக்கோ இன்னொரு கட்சி அனுப்பியாச்சு. குழா வரலன்னா அந்தப் பாலத்துல உங்க பேரு மட்டும் இருக்காது ஒய்.பி. நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

சுற்றியிருந்த கைபேசிகள் எல்லாம் வேட்பாளர் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் சிரித்தார், வேறு வழியில்லை. மறுநாளே குழாய்கள் வந்து இறங்கின.

கம்பமே திரண்டு வேலை செய்தது. ஈரச் சிமெண்டு வெயிலில் வெடிக்காமல் இருக்க, பழைய கூடாரத் துணியை நனைத்துப் போர்த்தினார் மூர்த்தி. துணி எட்டாத ஓரத்தில் அந்த மூன்று சட்டைகளையும் நனைத்து வரிசையாக விரித்தார். மூன்று கட்சிகளும் ஒரே காரியத்துக்காகப் படுத்துக் கிடந்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

வாக்களிப்பு நாளன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பிய மூர்த்தியைப் பாலத்தருகே மடக்கிய அம்பிகைபாகன், கடைசியில் யாருக்குத்தான் போட்டாய் என்று விடாமல் கேட்டார். மூர்த்தி தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். வெளுத்த சேலையில், கையில் பையோடு, செல்லம் வாசலில் தயாராக நின்றிருந்தார். முதல் தூறல் விழுந்தது. செல்லம் உள்ளே போகவில்லை.

மூர்த்தி பாலத்தின் நடுவில் போய் நின்றார். மை பூசிய விரலை உயர்த்தி, அக்கரையில் தயங்கி நின்ற வேனைப் பார்த்து அசைத்தார்.

"வா... வா... இன்னும் வா."