கருப்புப் பாகு ஓடிய பகல்

அரவை தொடங்கிவிட்டால் குடிதண்ணீர்க் குடத்தில்கூட அந்த வாடை ஏறிவிடும்; கொதிக்கும் கரும்புச்சாற்றின் இனிப்பும், புளித்த சக்கையின் நெடியும், புகையும் கலந்த அந்த வாடை கதவிடுக்கு வழியாக நுழைந்து, கோடை வரைக்கும் துணிமணிகளில் தங்கியிருக்கும். மேலூரிலிருந்து கொட்டாம்பட்டி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த அந்தச் சிறிய சர்க்கரை ஆலையில் அப்பா பாகு காய்ச்சும் பிரிவில் வேலை பார்த்தார். ஆலைச் சுவரை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பில் அப்பா, அம்மா, நான், நான்கு வயதுத் தம்பி கண்ணன் என நால்வரும் இருந்தோம்.

பிழிந்த சாற்றில் சுண்ணாம்புப் பால் கலந்து கொதிக்கவைத்து அழுக்கை இறக்குவார்கள், தெளிந்த சாற்றைக் குழம்பாகும்வரை வற்றவைத்து மேலும் காய்ச்சினால் சீனி மணிமணியாகத் திரளும், அதை வேகமாகச் சுழலும் எந்திரத்தில் போட்டால் சீனி உள்ளே தங்கிப் பாகு வெளியே தெறித்து ஓடும் என்று அப்பா சாப்பிட்டபடியே சொல்வார். மேற்கொண்டு சீனி எடுக்க முடியாத அந்தக் கடைசி மிச்சத்தைத்தான் நாங்கள் "கருப்புப் பாகு" என்போம். அதைத் தேக்கிவைக்கும் இரும்புத் தொட்டி எங்கள் வீதிமுனையிலிருந்து பார்த்தாலே தெரியும். அதன் ஒட்டுகளில் பாகு கசிந்து கரிய கோடுகளாய் இறங்கியிருக்கும். "அங்கிட்டுப் போனா பாகு உள்ள இழுத்துக்கிரும்" என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருந்ததால், வெயிலில் தகரம் முறுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டாலே நான் வீட்டுக்குள் ஓடிவிடுவேன். கண்ணனுக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. தொட்டிக்குக் கீழே கரும்பு டிராக்டர்கள் வரிசையில் நிற்கும் திடலுக்குப் போய், டிரைவர்களிடம் ஒரு துண்டுக் கரும்பு வாங்கித் தின்றுவிட்டு வருவான்.

நான் நான்காவது படித்தபோது, ஒரு விடுமுறை நாள் மதியம், அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கையில், பெரிய லாரி டயர் வெடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. தொடர்ந்து ஆலைச் சங்கு நிற்காமல் ஊதியது. தெருவெல்லாம் பெண்கள். தொட்டி பிளந்துவிட்டது என்று யாரோ சொன்னதும் அம்மா என்னைப் பார்த்துக் கண்ணன் எங்கே என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாம்பல் படிந்த கையோடு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆலை வாசலில் காவல்காரர் வழி மறித்தார். "உள்ள போகாதீக தாயி. இன்னும் ஊத்திக்கிட்டுத்தான் இருக்கு."

"எம் புள்ள உள்ள நிக்கிறாண்ணே" என்றாள் அம்மா, கத்தாமல். பிறகு என் கைகளை இரும்புக் கேட்டின் கம்பியில் வைத்து, "நா வாற வரைக்கும் இதவிட்டுக் கையெடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

திடல் முழுக்கக் கருப்பாக, மெதுவாக, சத்தமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் கணுக்கால் மறைந்தது, முழங்கால் மறைந்தது. ஒவ்வொரு காலையும் இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கி வைத்து நடந்தாள். பாதித் தூரத்தில் சாய்ந்து விழுந்தாள். அவள் இருந்த இடத்தில் பாகு மூடிக்கொண்டு சமமானது. அப்பாவும் உள்ளேதான் எங்கோ இருக்கிறார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று பேரும் போய்விட்டால் இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நிற்பது என்று நினைத்தபோது கால் வழியே சிறுநீர் இறங்கியது.

கருப்பாய் ஓர் உருவம் எழுந்தது. கண்கள் மட்டும்தான் அம்மா.

சத்தம் கேட்டவுடன் ஒரு டிரைவர் கண்ணனைத் தூக்கிக் கரும்புப் பாரத்தின் மேல் உட்காரவைத்திருந்தார். அவரே இறங்கி வந்து அவனை அம்மாவின் தோளில் ஏற்றி, இருவரையும் வாசல்வரை இழுத்துவந்தார். கண்ணன் அம்மாவின் கழுத்தை நக்கிப் பார்த்து, "கசக்குதும்மா" என்றான். அம்மா அவனை ஓங்கி ஓர் அடி அடித்தாள். அப்புறம் அவனை இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தவள், அப்பா உள்ளே அடுப்பை அணைத்து, கொதிக்கும் பாகை அடக்கிவிட்டு ஓடிவரும்வரை எழுந்திருக்கவே இல்லை. என் விரல்களைக் கம்பியிலிருந்து அப்பாதான் ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

ஆலையை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. எந்திரங்களை வெட்டி எடைக்குப் போட்டுவிட்டார்கள், கரும்பு விளைந்த வயல்களில் மஞ்சள் கல் நட்டு மனை விற்கிறார்கள். நான் ஒத்தக்கடையில் இருக்கிறேன். அம்மா போன வருடம் தவறிவிட்டாள். சென்ற மாதம் கண்ணனுடைய காரில் அந்தப் பக்கம் போனபோது இதையெல்லாம் சொன்னேன். தனக்கு எதுவுமே நினைவில்லை என்றான். கொஞ்ச தூரம் போனதும் வேகத்தைக் குறைத்துக் கேட்டான்.

"அம்மா அம்புட்டுத் தூரம் அதுக்குள்ளயா நடந்து வந்துச்சு?"

"ஆமாடா. விழுந்து எந்திரிச்சு வந்துச்சு."

வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினான். "எந்த இடம்க்கா?" என்று கேட்டான். மனைக்கற்களும் வேலிமுள்ளும் தவிர அங்கே எதுவும் இல்லை. நான் கையை நீட்டினேன். எந்தப் பக்கம் என்று தெரியாமல் பாதியிலேயே இறக்கிக்கொண்டேன்.