புளியமர ஏலத்தில் செங்கேணி

கூரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த வருஷமே செங்கேணி புளிக்குக் கொட்டை எடுக்க உட்கார்ந்துவிட்டாள். உத்திரமேரூர் சாலையில் அவள் புகுந்த ஊர் எல்லைக்குள் நிற்கும் புளியமரங்களை வருஷாவருஷம் எல்லப்பன்தான் ஏலம் எடுப்பார். உலுக்குவது, பொறுக்குவது, ஓடு உடைப்பது, கொட்டை எடுப்பது எல்லாம் காலனிப் பெண்கள் பாடு. அவர் வைத்ததுதான் கூலி. மாசி வந்தால் நகக்கண் கறுத்துப்போய், குழம்புச் சோற்றில் கை வைத்தாலே எரியும்.

2001இல் அந்த மரங்களை நாமே எடுத்தால் என்ன என்று ரோஜா மகளிர் குழுவில் கேட்டவள் பிரிஸ்கில்லா. செங்கேணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி, துடுக்கு வாய். சேமிப்பு ஒழுங்காக இருந்ததால் வங்கியும் கடன் கொடுத்தது. குழுவை நடத்துகிறவள் செங்கேணி என்பதால் ஏலம் கேட்கும் வேலையும் அவள் தலையில் விழுந்தது.

ஊராட்சி அலுவலக வாசலில் ஏலம் தொடங்கியது. எல்லப்பன் ஒரு தொகை சொன்னார். செங்கேணி ஏற்றினாள். அவரும் ஏற்றினார். தன் குரல் நடுங்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியம். இன்னும் ஏற்றக் கையில் பணமும் இருந்தது. எல்லப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செங்கேணி, இந்த வருசம் பொண்ணு கல்யாணம் கீதும்மா. அவசரம். விட்டுக்குடு."

செங்கேணி வாயை மூடிக்கொண்டாள். மூன்று தரம் சொல்லி முடித்தார்கள். மரங்கள் எல்லப்பனுக்கு.

குழுவில் கடன் யாருக்கு முதலில் என்று பேசும்போது, ஒருத்தி "எனக்கு அவசரம்" என்றால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். கூட்டத்துக்குக் கூட்டம் அப்படியே ஒதுங்கிப் பழகிய வாய் அது. ஏலத்திலும் தானாக மூடிக்கொண்டது.

திரும்பும் வழியெல்லாம் பிரிஸ்கில்லா விடவில்லை. "அவரு இன்னா நம்ம மெம்பராடி? சந்தா கட்றாரா?"

"அவசரம்னாரே."

"நாளைக்கு எவளாச்சும் உன் வூட்டுக்காரரு வேணும், அவசரம்னு கேட்டா அவரையும் குட்த்துடுவியா?"

"குட்த்துடலாம். வாங்கிக்கினு போறவங்கதான் பேஜாராப் பூடுவாங்க" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். செங்கேணிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி கூலிக்கு உட்கார வேண்டும், அதுவும் தன்னால். சட்டென்று நின்றாள். அவசரம் என்று கடன் வாங்குகிறவள் வீட்டுக்குக் குழுவே போய் விசாரிப்பது என்று இன்னொரு வழக்கம் உண்டு.

"வாங்க, வூடு பாத்துட்டு வந்துடலாம்."

எல்லப்பன் வீட்டு வாசலில் கூட்டமாகப் போய் நின்றார்கள். அவர் மனைவி மங்கம்மா முறத்தோடு வெளியே வந்தாள்.

"பொண்ணுக்குக் கல்யாணமாமே, மாப்ள எந்த ஊரு, அக்கா?" என்றாள் செங்கேணி.

"எந்தப் பொண்ணுக்கு? எனக்கு இருக்கிறதே ஒண்ணு. அது ஏழாவது படிக்குது. யாருடி சொன்னது?"

அந்த நேரம் எல்லப்பன் வண்டியில் வந்து இறங்கினார். வாசலைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. "ஏலம்னா ஆயிரம் பேசுவாங்க. அதையெல்லாம் புடிச்சிக்கினு வந்துட்டீங்களா?"

"எடுத்தது எடுத்ததுதான் மொதலாளி. ஆனா பொய் சொல்லி வாங்கினவங்களுக்கு எங்க குழுவுல அப்புறம் யாரும் கை குடுக்கறதில்ல. நீங்களே உலுக்கிக்கோங்க" என்றாள் செங்கேணி.

அவர் சிரித்தார். மாகறல் பக்கமிருந்து ஆள் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தார். அங்கே சம்பா அறுப்பு நேரம், யாரும் வரவில்லை. பழம் சாலையில் உதிர்ந்து லாரிச் சக்கரத்தில் நசுங்கியது. காலனிப் பெண்கள் அந்த வழியாகத்தான் அறுப்புக்குப் போனார்கள். ஒருத்தியும் குனியவில்லை. கூலியைக் கூட்டித் தருகிறேன் என்று ஆள் அனுப்பினார். பதில் போகவில்லை. கடைசியில் குழு கூடுகிற நாளாகப் பார்த்து அவரே காலனிக்கு வந்தார்.

"பாதி மரம் நீங்க எடுத்துக்கோங்க. பாதிப் பணத்தக் குட்த்துடுங்க. எம் பாதிக்கும் நீங்கதான் வேல செய்யணும்."

"எந்தப் பாதின்னு நாங்கதான் சொல்வோம். உங்க பாதிக்குக் கூலி எவ்ளோன்றதும் நாங்கதான்" என்றாள் செங்கேணி. எல்லப்பன் தலையாட்டினார்.

வேலை மாறவில்லை. நகமும் கறுக்கத்தான் செய்தது. குழுவின் முதல் மூட்டையைச் செங்கேணி பேருந்தில் ஏற்றி, உத்திரமேரூரில் மளிகைக்கடை வஹாப் பாயிடம் கொண்டுபோனாள். அவர் ஒரு சுளையை வாயில் போட்டுச் சப்பினார்.

"இன்னா வெல சொல்றே?"

விலையை அவளிடம் யாரும் கேட்டதில்லை. சொன்னாள். அவர் குறைத்துக் கேட்டார். செங்கேணி குனிந்து மூட்டையின் வாயைக் கட்டத் தொடங்கினாள்.

"இரும்மா, இரு" என்றார் வஹாப். "தராசுல வை."