மூன்றாவது துண்டு

அமலதாஸ் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு திண்டிவனத்துக்கு வந்தபோது, பக்கத்துத் தெரு செபஸ்தியம்மாள் வயிற்றுவலிக்கு மருந்து கேட்டு வந்து நின்றாள். "நான் இரும்புக்குத்தான் வைத்தியம் பாக்கறேன்" என்று சொல்லி அனுப்பினார். ஊர் சிரித்தது.

கல்கத்தாவில் சர்க்கார் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆராய்ச்சி வேலை. இத்தனை படித்தும் நிரந்தரமில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் 'இன்னும் ஒரு வருஷம்' என்று காகிதம் வந்தால்தான் சோறு.

1943 மார்ச்சில், ரயில்பெட்டிகளின் அச்சுக்கான எஃகு சோதனைக்கு வந்தது. மூன்று துண்டுகளை இயந்திரத்தில் மாட்டி, முறியும்வரை இழுக்க வேண்டும். இரண்டு நன்றாகத் தாங்கின. மூன்றாவது பாதி பாரத்திலேயே நட்டநடுவில் படீரென்று முறிந்தது. உள்ளே பழைய கீறல். அதை எழுதினால் சரக்கு முழுவதும் நிற்கும். யுத்த அவசரம் என்று மேலதிகாரி வாசலிலேயே காத்திருந்தார். அந்த வருஷத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். இயந்திரத்தின் பிடிக்குள் முறிந்தால் அது எஃகின் குற்றமில்லை, அந்தத் துண்டைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை என்பது அங்கே வழக்கம். அமலதாஸ் 'பிடியில் முறிந்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

காகிதம் வந்தது. அந்தத் துண்டைத் தூக்கிப் போட மட்டும் மனம் வரவில்லை. டிரங்குப் பெட்டியில் துணிக்கடியில் வைத்தார். அதற்குப் பிறகு எங்கே ரயில் சத்தம் கேட்டாலும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்.

ஈஸ்டருக்கு லீவில் வந்தவர், தாய்வீட்டிலிருந்த மனைவி சூசை மேரியையும் குழந்தையையும் கூட்டிவர வளவனூர் போனார். திரும்பும்போது விழுப்புரம் ஜங்ஷனில், வண்டிச் சக்கரம் சோதிக்கும் ரயில்வேக்காரன் கண்ணையன் நீளச் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே வந்தான்.

"அச்சுக்குள்ள கீறல் இருந்தா இதுல தெரியுமாப்பா?"

"சக்கரத்து விரிசல் சத்தத்துல தெரிஞ்சுடுங்க. அச்சு உள்ள இருக்கறது எனக்கு எப்பிடிங்க தெரியும்? அதான் பெரிய படிப்பு படிச்சவங்க பாத்து அனுப்பறாங்களே. அந்த நம்பிக்கைலதான் வண்டிய உடறோம்."

அமலதாஸ் குனிந்து பெட்டிக்கு அடியில் அச்சைப் பார்த்தார்.

"ஏங்க, இன்னும் பேசிக்கினே இருக்கீங்க? ஜல்தி ஏறுங்க" என்று ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள் சூசை மேரி. குழந்தை அவள் மடியில் தூங்கியது.

ஏறினார். விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காலடியில் ஓடும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். அந்த எஃகு இந்த வண்டியில் இருக்க நியாயமில்லை என்று படித்த மூளை சொன்னது. பயத்துக்கு அது புரியவில்லை.

திண்டிவனத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போய் ஆய்வுக்கூடத்துக்கு உண்மையைக் கடிதமாக எழுதினார். கூடக் கொண்டுவந்திருந்த டிரங்குப் பெட்டியிலிருந்து துண்டையும் எடுத்துச் சேர்த்துக் கட்டித் தபாலில் அனுப்பினார். வேலை போயிற்று; எந்த ஆய்வுக்கூடமும் அதன் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. வந்த பதில் இரண்டே வரி: அந்த எஃகு அச்சாகி ஏற்கெனவே வெளியே போய்விட்டது, எந்தெந்தப் பெட்டிகளில் என்று சொல்வதற்கில்லை.

உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகிக் காலத்தை ஓட்டினார். வளவனூரில் சாவு வீடானாலும் கல்யாண வீடானாலும், மனைவியையும் பிள்ளையையும் ரயிலில் தனியாக மட்டும் அனுப்பவே மாட்டார். காய்ச்சலோடும் கூடவே ஏறுவார். புருஷனுக்கு எவ்வளவு ஆசை என்று சூசை மேரி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். கவிழ்ந்தால் தானும் அந்தப் பெட்டியில் இருக்க வேண்டும் என்றுதான் அவர் ஏறினார்.