நீல மையில் எழுதிய எண்கள்

அன்று காலை ஆறு நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. திரையில் ஜைத்தூன் பெயர். பச்சை அட்டை நோட்டைத் திறந்து, தேதியை எழுதி, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். "எவ்வளவு?" என்று கேட்டேன். எங்கள் பேச்சு தினமும் அப்படித்தான் தொடங்கும். மறுமுனையில் அவள் மகள் ஃபரிடா அழுதுகொண்டிருந்தாள். "ஆன்ட்டி, உம்மா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு உட்கார்ந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க." அவள் இறந்த அந்தத் தேதிக்கு எதிரே கட்டம் இன்றும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

நம் பழைய மாணவியர் மலரில் இதைப் படிக்கிற, கான்வென்ட்டில் ஒன்றாகப் படித்த தோழிகளுக்கு ஜைத்தூனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கணக்குத் தாளில் சிவப்பு மை விழுந்தால் அதை நான்காக மடித்துக் காலணிக்குள் ஒளித்துக்கொள்வாளே, அவள்தான். வீட்டில் கேட்டால், "சிஸ்டர் இன்னும் திருத்தலை" என்பாள். பிறகு கோத்தா திங்கியில் ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்த கணவரின் உணவுக்கடையை முப்பது ஆண்டுக்கும் மேலாக அவளே நடத்தினாள். மீன் கறி அடுப்பை விட்டு இறங்குமுன் முதல் கரண்டி அவளுக்குத்தான். "என் நாக்குக்கு லீவு கொடுத்தா கடைக்கும் லீவு கொடுக்கணும் லா" என்பாள்.

என் கணவர் மறைந்த பிறகு, தினமும் காலையில் என்னை அழைத்துப் பேசத் தொடங்கியது அவள்தான். எங்கள் இருவருக்கும் சர்க்கரை நோய். ஒரே கடையில் சர்க்கரை அளக்கும் இயந்திரம் ஒரே மாதிரி இரண்டு வாங்கி ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். கையைக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும், நுனியில் அல்ல, விரலின் ஓரத்தில் என்று செய்து காட்டினேன். "ரிட்டையர் ஆகியும் டீச்சர் வேலைய விடமாட்டேங்கிறியே!" என்று சிரித்தாள். பதிவையும் என் தலையில் கட்டினாள். "என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். டாக்டர் பயந்துடுவாங்க. நான் சொல்றேன், நீ எழுது." ஆகவே ஒரே நோட்டில் இடப்பக்கம் அவளுக்கு, வலப்பக்கம் எனக்கு. வெறும் வயிற்றில், மில்லிமோல் கணக்கில், ஏழு வரை நீல மை. அதற்கு மேல் சிவப்பு. இந்த விதியை வகுத்தது நான்.

முதல் வாரத்தில் ஒருநாள் பதிமூன்று புள்ளி இரண்டு என்றாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடி, ராத்திரி ரெண்டு ரொட்டி சானாய். கடையில மீந்துபோச்சு." சிவப்பில் எழுதினேன். "உனக்கு வெட்கமாக இல்லையா?" என்று கேட்டுத் தொலைபேசியை வைத்தேன். இரண்டு நாள் நான் அவள் அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தபோது, "ஆறு புள்ளி நாலு, மதர் சுப்பீரியர். திருப்தியா?" என்றாள். அதன் பிறகு அவள் பக்கத்தில் சிவப்பு விழவே இல்லை. என் கண்டிப்புக்குக் கிடைத்த வெற்றி என்று நினைத்தேன்.

வெள்ளம் வந்த ஆண்டு கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். அவள் குடும்பத்தோடு ஒரு பள்ளி மண்டபத்தில் தங்கியிருந்தாள். அங்கிருந்தும் ஆறு நாற்பதுக்கு அழைத்தாள். "அடுப்ப விட்டுட்டு வந்துட்டேன், மெஷின எடுத்துட்டு வந்துட்டேன். ஆறு புள்ளி ஒண்ணு. எழுதிக்க." ஒழுங்கு என்றால் இதுதான் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! உங்களில் சிலருக்கே சொல்லியிருக்கிறேன்.

கிளினிக்கிற்கு இருவரும் சேர்ந்தே போவோம். டாக்டர் சாந்தினி இளையவர், பொறுமையானவர். சென்ற ஆண்டு அவர் நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "புக் ரொம்ப அழகா இருக்கு ஆன்ட்டி. ஆனா இவங்களோட மூணு மாச ரத்த டெஸ்ட் பத்துக்கு மேல காட்டுது. ரெண்டும் ஒத்துப்போகல. அடுத்த தடவை மெஷினையும் கொண்டாங்களேன், பார்ப்போம்." ஜைத்தூன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொன்னது நான். "இது என் கையெழுத்து, டாக்டர். உங்கள் ஆய்வுக்கூடத்தில் தவறு நடந்திருக்கும்." டாக்டர் ஊசி மருந்தைப் பற்றிப் பேச்செடுத்தார். ஜைத்தூன் வேண்டாம் என்று தலையாட்டினாள். நானும் தேவையில்லை என்றேன். அந்த இயந்திரத்தை நாங்கள் கொண்டுபோகவே இல்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதலுக்குப் போனபோது ஃபரிடா அந்த இயந்திரத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து அதன் பொத்தானை அழுத்தினேன். பழைய அளவுகள் தேதியோடும் நேரத்தோடும் வந்தன. நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். நான் நீலத்தில் ஆறு புள்ளி இரண்டு என்று எழுதிய நாளில் இயந்திரம் பதினான்கு புள்ளி எட்டு என்றது. வெள்ளத்து நாளில் பதினாறு புள்ளி நான்கு. ஒருநாள் கூட அவள் சோதிக்கத் தவறவில்லை. தினமும் கையைக் கழுவி, விரல் ஓரத்தில் குத்தி, உண்மையைப் பார்த்துவிட்டு, எனக்கு வேறொன்றைச் சொல்லியிருக்கிறாள்.

ஃபரிடாவை அழைத்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். "உம்மாதான் சொல்ல வேணாம்னாங்க, ஆன்ட்டி. 'லோகா கோவிச்சுக்குவா, போன எடுக்க மாட்டா. அவளே தனியா இருக்கா, காலையில நல்ல சேதியா ஒண்ணு கேக்கட்டுமே'ம்பாங்க."

பொய்யை விட அந்த இரக்கம்தான் என்னைச் சுட்டது. நான் அவளைக் கவனித்துக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவள் எனக்கு ஆறுதல் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதுவும் என் கையெழுத்தைக் கொண்டே. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட தோழமையில் எனக்கு அவள் செய்த ஒரே துரோகம் இது. சின்னத் துரோகம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

நோட்டையும் இயந்திரத்தையும் டாக்டரிடம் கொண்டுபோனேன். அவள் உயிரை எடுத்த மாரடைப்பு சர்க்கரையால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். பிறகு, "நம்பர் மோசமா இருந்தா யாரையும் திட்டறதுக்கு இல்ல ஆன்ட்டி. அத வச்சுத்தான் நான் மருந்த மாத்த முடியும். எனக்கு அந்த நம்பர்தான் வேணும்" என்றார். குரலில் கடிந்துகொள்ளும் சாயலே இல்லை. கடிந்துகொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். இப்போதெல்லாம் நான் நோட்டை எடுத்துப்போவதில்லை. என் இயந்திரத்தையே அவர் மேசையில் வைக்கிறேன்.

அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதை மறைத்து இங்கே புகழ்ந்து எழுதினால் நானும் பொய் எண்ணை எழுதியவளாவேன். அவளுடையதாக என்னிடம் இருப்பது அந்த இயந்திரம் ஒன்றுதான். பேட்டரி தீர்ந்தால் மாற்றுவேன். அதிலுள்ள எதையும் அழிக்க மாட்டேன். கடைசியாகப் பதிவானது, அவள் இறப்பதற்கு முந்தைய நாள் காலை ஆறு முப்பத்தைந்து: பத்தொன்பது புள்ளி ஆறு. ஐந்து நிமிடம் கழித்து என்னை அழைத்து, "அஞ்சு புள்ளி ஒம்போது. எழுதிட்டியா?" என்று கேட்டாள்.

"எழுதிவிட்டேன்," என்றேன். "நல்ல பிள்ளை."

அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.